இடைவேளைக்கு முன் ஒரு நினைவூட்டல்

எங்கள் அலுவலகத்தில் நான் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு வாங்கிய அன்றுதான் என் அக்கா மகளின் உதடு நீலமாகிப் போனது. இரண்டும் ஒரே காலையில் நடந்தன. முதலாவதற்கு எனக்குக் கைதட்டினார்கள்.

என் வேலையைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று விளங்காது. நேரடிச் செய்தி ஓடும்போது, காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் எழுத்து வருகிறதே, அதை யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்வதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேகத்துக்குப் பத்து விரல் போதாது. சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். செய்தி வாசிப்பவர் சொல்லச் சொல்ல, அதையே மைக்கில் திருப்பிச் சொல்வேன். அழுகை, சிரிப்பு, பதற்றம் எதுவும் குரலில் வரக்கூடாது. கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயாலேயே சொல்ல வேண்டும். என் குரலுக்குப் பழகிய கணினி அதை எழுத்தாக்கும். பக்கத்தில் இருக்கும் திருத்துபவர் பிழை இருந்தால் தட்டிச் சரிசெய்து வெளியே அனுப்புவார். பத்து வருடமாக இதுதான் பிழைப்பு. வீட்டில் ஒருநாள் "சாப்பிடலாமா கேள்விக்குறி" என்று கேட்டுவிட்டு நானே தலையில் அடித்துக்கொண்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாசிப்பவர் சொல்லி, நான் கேட்டு, நான் சொல்லி, கணினி எழுதி, அவர் திருத்தி, அது வீட்டுத் திரைக்குப் போய்ச் சேர ஏழு வினாடி ஆகும். செய்தி நடந்துகொண்டிருக்கும்போது அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் விளம்பரம் தொடங்கிய நொடியில் எங்கள் எழுத்துக்கான கதவு சாத்தப்படும். அந்த ஏழு வினாடியில் வழியில் இருந்த வரிகள் வழியிலேயே செத்துப்போகும். அலுவலகத்தில் அதற்கு வால் என்று பெயர். "வால் போச்சு" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். வால் என்பது வழக்கமாக "சிறு இடைவேளைக்குப் பிறகு சந்திக்கலாம்" என்பதுதான். அது போனால் யாருக்கு என்ன?

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும்.

அக்காவுக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருக்கிறார். அவருக்குப் பிறவியிலேயே கேட்காது. அவர்களுக்கு நான்கு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, அதற்கு நன்றாகவே கேட்கும். குழந்தை அழுதால் வீட்டின் மூன்று இடங்களில் விளக்கு மின்னும். தாய்ப்பால் போதாமல் பாதிக்குப் புட்டிப்பால்.

நான் எந்த நேரம் வேலையில் இருக்கிறேன் என்று அக்காவுக்கு மனப்பாடம். திரையில் எழுத்து வரும் விதத்தைப் பார்த்தே அது நானா வேறு யாராவதா என்று சொல்லிவிடுவாள். நான் கமாவை அள்ளிப் போடுகிறேனாம். உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதுதான் உன் குரல் என்று நினைத்துக்கொள்கிறேன் என ஒருமுறை கைகளால் சொன்னாள். அவள் சொன்னதை நினைத்து ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஏரிக்கரையில் இருந்த உரக்கிடங்கு எரிந்தது அப்போதுதான். தீயணைக்க அடித்த தண்ணீரோடு உரமும் கரைந்து ஏரியில் இறங்கியது. அந்த ஏரிதான் பாதி நகரத்துக்குக் குடிநீர். மறுநாள் காலைச் செய்தியில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். நான்தான் அதைத் திருப்பிச் சொன்னேன். அக்கா அந்தத் திரையைச் செல்பேசியில் படம் பிடித்து, காது கேளாத நண்பர்கள் நாற்பது வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். என் தங்கை சொன்னது என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தாள்.

மதியம் அறிவுரை தலைகீழாக மாறியது. தண்ணீரில் கலந்திருப்பது கிருமி அல்ல, உப்பு மாதிரியான ஒன்று, கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு சேரவிடாதது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், அது குறையாது, இன்னும் அடர்த்தியாகும். ஆகவே கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள், முக்கியமாகக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள். செய்திப் பிரிவின் தலைவர் இதை மிக முக்கியம் என்று கருதினார். முக்கியம் என்பதால், கடைசியாகக் கேட்டது மனதில் நிற்கும் என்ற கணக்கில், ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் கடைசி வரியாக வைத்தார். "இடைவேளைக்கு முன் ஒரு நினைவூட்டல்" என்று தொடங்கும். வாசித்து முடிக்க ஆறு வினாடி.

ஆறு வினாடி. வால்.

இரண்டு நாள், என் நேரத்தில் வந்த ஒவ்வொரு செய்தியிலும், ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் அதைச் சொன்னேன். என் திரையில் அது எழுத்தானதைப் பார்த்தேன். எங்கள் திரையில் ஒரு வரி வெளியே போனதும் பச்சையாகும். எல்லாம் பச்சையாயின. பச்சை என்றால் எங்கள் அறையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், வீடு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து வருடமாகத் தெரியும். ஆனால் பத்து வருடம் பச்சையைப் பார்த்துப் பார்த்து, சொன்னது போய்விட்டது என்றே உடம்பு நம்பத் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த அலுவலகத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சி கிடையாது. எழுத்து அனுப்பும் இடத்தில், அந்த எழுத்தை வீட்டில் பார்ப்பதுபோல் பார்க்க ஒரு பெட்டி இல்லை. சமையல்காரர்கள் யாருமே ருசி பார்க்காத அடுப்படி அது.

மூன்றாம் நாள் காலை எங்கள் பொறுப்பாளர் எல்லோரையும் கூப்பிட்டு, எங்கள் எழுத்தில் நூற்றுக்கு எத்தனை சரி என்று மதிப்பெண் வாசித்தார். அவரை நாங்கள் புள்ளி சார் என்போம். எதைச் சொன்னாலும் ஒரு தசமப் புள்ளி வைத்துத்தான் சொல்வார். தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனால் விளக்கம் எழுதித் தர வேண்டும். எனக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. இவ்வளவு பரபரப்பான வாரத்தில் இது சாதனை என்றார். கைதட்டல் முடியும் முன் அக்கா வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. மருத்துவமனைக்கு வா, குழந்தை நீலமாகிவிட்டது.

குழந்தைகள் பிரிவில் அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு விரல் பருமன்கூட இல்லாத அந்தக் கையில் ஊசி. உதடும் நகமும் ஈரமான சாம்பல் நிறத்தில் இருந்தன. சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள், பிழைத்துக்கொள்வாள் என்றார் மருத்துவர். பிறகு என்னைப் பார்த்து, எந்தத் தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்று கேட்கச் சொன்னார். நான் கைகளால் கேட்டேன்.

அக்கா செல்பேசியை எடுத்து நீட்டினாள். அவள் பிடித்த படம். என் வரி. என் கமா.

மருத்துவர் அதைப் படித்துவிட்டு, இது பழைய அறிவிப்பு, அன்று மதியமே மாற்றிவிட்டார்களே, இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே என்றார். அவர் குரலில் எரிச்சல் இருந்தது. படிக்காத பெற்றோர் என்று நினைத்துக்கொண்டார் போலும். தெருவில் ஒலிபெருக்கி வண்டி வேறு போனதாம். ஒலிபெருக்கி! அரசுத் தரப்பிலிருந்து எல்லோருடைய செல்பேசிக்கும் ஒரு காணொளியும் வந்திருந்தது. அக்கா அதையும் காட்டினாள். ஓர் அதிகாரி மூன்று நிமிடம் வாய் அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து இல்லை.

நான் அக்காவிடம் கைகளால் சொன்னேன், நான் சொன்னேன் என்று. கொதிக்க வைக்காதே என்று இரண்டு நாளாகச் சொல்கிறேன், ஒவ்வொரு இடைவேளைக்கும் சொன்னேன், என் கண்ணால் பார்த்தேன் என்று.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். கோபம் வந்தால் அவள் கைகள் சின்னதாகிவிடும், நெஞ்சுக்குப் பக்கத்திலேயே அசையும்.

"சொன்னியா? யாருக்குச் சொன்ன?"

அவள் அங்கேயே உட்கார்ந்து நாற்பது வீட்டுக்கும் முந்தைய படம் தப்பு என்று அனுப்பினாள். அவற்றில் கைக்குழந்தை இருக்கும் வீடுகள் இன்னும் மூன்று. மூன்றிலிருந்தும் பதில் வரும்வரை அவள் செல்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாப்பது வீட்டுக்கு நான் சொல்லிட்டேன். மத்த வீட்டுக்கு?"

குழந்தையின் துணி எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படி மேடையில் கொதிக்க வைத்த தண்ணீர், மூடிபோட்ட பாத்திரத்தில், சுத்தமாக, அத்தனை கவனத்தோடு ஆறிக்கொண்டிருந்தது. சொன்னதை ஒரு சொல் பிசகாமல் கேட்டவர்களுக்கு இது கதி. பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் கொட்டினேன்.

பிறகு தொலைக்காட்சியைப் போட்டேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது, எழுத்து வந்தது, வேறொருத்தியின் நேரம். கிடங்கு உரிமையாளர் கைதானதைப் பற்றி அவள் நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்து ஒரு கறுப்புப் பட்டையின் மேல் வந்தது. அந்தப் பட்டையின் ஓரத்தில், அதற்குப் பின்னால் ஏதோ நகர்வது போலத் தெரிந்தது. சிவப்பாக ஒரு நூல் அளவு. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ரிமோட்டை எடுத்து எழுத்தை அணைத்தேன்.

திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம், கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஓடி முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. இரண்டு நாளாக, இருபத்துநான்கு மணி நேரமும், நிற்காமல் அது ஓடியிருக்கிறது. காது கேட்பவர்கள் எல்லோரும் கேட்டதோடு படிக்கவும் படித்திருக்கிறார்கள். படிக்க மட்டுமே முடிந்தவர்களுக்கு, அவர்களுக்காகவே போட்ட எங்கள் எழுத்து அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

எழுத்தைப் போட்டேன், அணைத்தேன். போட்டேன், அணைத்தேன். எத்தனை முறை என்று தெரியாது. என் அக்கா மகளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வரியை மறைத்துக்கொண்டு இருந்தது நான்தான். என் கமாக்கள்தான். குழந்தையின் சட்டைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

புள்ளி சார் கெட்டவர் இல்லை. குழந்தையைப் பற்றி முதலில் விசாரித்தார், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. இரண்டு நாளாக அந்த நினைவூட்டல் ஒரு வீட்டுக்கும் போகவில்லை, எனக்கு எப்படித் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு வந்தது என்று கேட்டேன்.

"விடுபட்டது கணக்குல வராதும்மா. வந்த சொல்லு சரியா இருக்கான்னுதான் பாப்போம். வராத சொல்லுல தப்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் முகத்தோடு சொன்னார். அந்தக் கணக்குப்படி, ஒரு மணி நேரச் செய்தியில் ஒரே ஒரு வரியைச் சரியாகப் போட்டுவிட்டு மீதியைக் கடலில் கொட்டினாலும் நூற்றுக்கு நூறு. நான் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சரி, ஒரு வேலை செய்யுங்கள், நினைவூட்டலைச் செய்தியின் நடுவில் வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். அது செய்திப் பிரிவின் முடிவு. விளம்பரத்துக்கு முன் ஏழு வினாடி நிறுத்துங்கள் என்றேன். அது விளம்பரப் பிரிவின் நேரம், தொட முடியாது. எங்கள் பட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், சிவப்பு வரி தெரியட்டும் என்றேன். ஏற்றினால் வாசிப்பவரின் கழுத்தில் விழுகிறது, வாசிப்பவர்கள் ஏற்கெனவே ஒருமுறை புகார் கொடுத்துவிட்டார்கள். குழந்தையின் கழுத்தை விட வாசிப்பவரின் கழுத்து அவர்களுக்குப் பெரிது. ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டி ஒதுங்கிக்கொள்ள, நடுவில் புள்ளி சார் ஒரு கூட்டம் போடலாம் என்றார். அடுத்த வாரம். எழுதிக் கொடுத்தால் குறிப்பில் சேர்த்துக்கொள்வாராம்.

இத்தனை நாளும் எங்களை ஒப்புக்குத்தான் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று அன்று எனக்குத் தெளிவாகியது. எழுத்து வருகிறது என்று சட்டத்துக்குக் காட்டினால் போதும். யார் படித்தார்கள், படித்தவர் என்ன ஆனார் என்பது எந்தப் பிரிவின் வேலையும் இல்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பத்து வருடமாக உணர்ச்சியே இல்லாமல் பேசிப் பழகியவளுக்குக் கத்தவும் வரவில்லை. வெளியே வந்தேன்.

மறுநாள் மதியச் செய்தி என் நேரம். ஒரு மணி நேரம், நான்கு இடைவேளை. திருத்துபவர் எப்போதும் போல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுக் குறைவான மனிதர். நான் அவரிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. மாட்டினால் நான் மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

முதல் இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விளையாட்டுச் செய்தி ஓடியது. ஹெட்போனில் யாரோ யாரையோ மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். நான் அதை விட்டேன். வென்றுவிட்டுப் போகட்டும். மைக்கில், அதே தட்டையான குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் முற்றுப்புள்ளி. கொதிக்க வைத்தால் இன்னும் கெடுதல் முற்றுப்புள்ளி. கைக்குழந்தைக்கு அதில் பால் கரைக்காதீர்கள் முற்றுப்புள்ளி. இந்த எழுத்தை அணைத்துவிட்டுத் திரையின் அடியில் ஓடும் வரியைப் பாருங்கள் முற்றுப்புள்ளி."

நான்கு வரிகளும் எங்கள் திரையில் வந்து நின்றன. அனுப்புவதும் அழிப்பதும் திருத்துபவரின் விரலில் இருந்தது. செய்தியில் இல்லாத வாக்கியம் வந்தால் அழிக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. அவர் வரிகளைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். பிறகு "கரைக்காதீர்கள்" என்பதில் கணினி விட்டிருந்த ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டு அனுப்பினார். வரிகள் பச்சையாயின. ஒன்று, இரண்டு என்று நான் ஏழு வரை எண்ணினேன். விளம்பரம் வர இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது.

நான்கு இடைவேளைக்கும் முன்னால் நான்கு முறை சொன்னேன். யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் ஓடிவந்து நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்கள்? அந்தக் கட்டடத்தில் எங்கள் எழுத்தை யார் பார்க்கிறார்கள்? ஒரு நிலையத்தின் எழுத்துப் பிரிவே தன் எழுத்தை அணைத்துவிடுங்கள் என்று நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்தது, முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கணக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. நான்கு மணிக்கு மதிப்பெண் தாள் வந்தது, புள்ளி சார் கூப்பிட்டார். தொண்ணூற்றேழு புள்ளி ஏழு. செய்தியில் சொல்லப்படாத சொற்கள் எழுபத்தாறு என்று சிவப்பில் வட்டமிட்டிருந்தார். இரண்டு நாள் ஒரு வாக்கியம் காணாமல் போனதைக் கண்டுபிடிக்கத் தெரியாத கணக்கு, அதே வாக்கியத்தைத் திருப்பி வைத்ததும் ஒரே மதியத்தில் கண்டுபிடித்துவிட்டது. அவர் முகம் வாடியிருந்தது. மறு உத்தரவு வரும்வரை நேரடிச் செய்தியில் உட்கார வேண்டாம், பழைய நிகழ்ச்சிகளுக்கு எழுத்துப் போடுங்கள் என்றார். விளக்கம் எழுத ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். வாசிப்பவர் சொல்லாததை ஏன் சொன்னீர்கள் என்பது கேள்வி.

"மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் எழுதத் தாளில் காலி வரிகள் நிறைய இருந்தன. ஒன்றையும் நிரப்பவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது செல்பேசியை எடுத்துப் பார்த்தேன். அக்காவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. குழந்தைகள் பிரிவின் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சி. செவிலியரிடம் சொல்லி எழுத்தைப் போட வைத்திருக்கிறாள். திரையில் பந்தோடு ஒருவன் ஓடுகிறான். அவன் காலடியில் என் நான்கு வரிகள். படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கை, நகமெல்லாம் இளஞ்சிவப்பு.

அடியில் எழுதியிருந்தாள்: "இது வந்துச்சு. உன்னை இன்னும் திட்டி முடிக்கல. சாயங்காலம் வா."